கடலிலிருந்து பார்த்த கோயில்

மயிலாப்பூர்,
புதன்கிழமை மாலை

சௌபாக்கியவதி வேம்புவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். மாத்திரைகளை நீ எழுதி வைத்த அட்டவணைப்படியே சாப்பிடுகிறேன். அங்கே நீயும் நம் பெண் ஸஹானாவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

மெல்போர்னுக்கு விசா வந்து மூன்று வாரமாகிறது. டிக்கெட் மட்டும் வாங்கவில்லை. விமானத்தை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு வருகிறேன் என்றதற்கு, மாமல்லபுரத்துப் படகிலேயே ஏறாதவர் ஏரோப்ளேனில் ஏறப்போகிறாரா என்று கேட்டாய். முப்பத்தாறு வருஷமாக அந்தப் படகைச் சொல்லிக் காட்டுகிறாய். இன்று காலை திருவான்மியூரில் பஸ் ஏறிவிட்டேன்.

ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் நோட்டில் எழுதிய வரிசைப்படி பார்த்தேன். கடற்கரைக்கு வந்தபோது பன்னிரண்டு மணி, ராகு காலம். அலைச்சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து விழுந்து எழுந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குள் படகு நிறைந்துவிட்டது. உள்ளூர எனக்கு நிம்மதி. ராகு காலம் பார்த்ததே இதற்காகத்தானோ என்று என் மேலேயே சந்தேகம். பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டேன். உன்னிடம் என்ன சொல்வது என்று தோன்றியதும் திரும்பினேன்.

அடுத்த படகை ஓட்டியவள் மஹ்விஷ் என்ற பெண். வயிற்றின் மேல் தொங்கிய தோள்பைக்கு மேலேயே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முன்பக்கம் உப்பி நின்றேன். எத்தனாவது மாசம் என்று கேட்டு, அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள்.

முதல் அலையிலேயே கண்ணை மூடினேன். சஹஸ்ரநாமம் நாலாவது வரியில் மறந்துபோயிற்று. "தாத்தா, கண்ணைத் தொறங்க. கோயிலு தெரியுது பாருங்க" என்றாள்.

திறந்தேன். கரையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த கோயில்தான். கடலிலிருந்து பார்த்தால் நமக்காகக் காத்து நிற்பது போல இருக்கிறது, வேம்பு. அன்று நீ மட்டும் போய்வந்து, நனைந்த புடவையோடு ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். பிறகு நீ அதைச் சொல்லவேயில்லை. இன்று கொஞ்சம் புரிகிறது.

கரையில் இறங்கினேன். மணலில் நின்றபடியே டிராவல்ஸ் ராம்குமாருக்குப் போன் செய்து டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். பதினேழாம் தேதி புறப்படுகிறேன். விமானம் கிளம்பும் நேரம் ராகு காலமா என்று பார்க்கவில்லை.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். என்னைக் கண்டு அழுதால் அவள் உன் மடியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் எனக்கு இடம் கொடு. அன்று சொல்ல வந்ததை முழுவதும் சொல். இந்தத் தடவை எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை.

உன்,
ஸ்ரீரங்கன்