சூடு போன வழி

1936 செப்டம்பர் 7, அம்பாங்
மருமகள் சீதாலெட்சுமி சொல்லித் தந்த எழுத்தில் இது என் முதல் பக்கம். ரொம்ப மெதுவாகத்தான் வருகிறது. வரட்டும், எனக்கென்ன அவசரம்?
ஈயச் சுரங்கத்தில் பம்பு மோட்டாரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாளை அந்தப் பழைய மோட்டாரைக் கழற்றுகிறார்கள்.

செப்டம்பர் 8
கழற்றிவிட்டார்கள். என்ன சூடு அதற்கு! எங்கள் சோற்றுத் தூக்குகள் அதன் முதுகில்தான் இருக்கும். கருவாடும் மோட்டார்க் கம்பியின் வார்னிஷும் சேர்ந்து ஒரு வாசம் — இப்போதும் மூக்கில் நிற்கிறது. மழை நாளில் சட்டை காயும். நாளெல்லாம் தண்ணீரில் நின்று ஈயமண் மேட்டைக் கரைக்கக் குழாயில் தண்ணீர் பாய்ச்சும் ரெங்கசாமி, விடிந்ததும் மரத்துப்போன கைகளை அதன்மேல் வைப்பான். "வீட்டுல இருக்கிறவகூட இப்படி கவனிக்கல, கன்னையா" என்பான். விரல் மடங்கினால்தானே குழாயைப் பிடிக்கலாம்.

செப்டம்பர் 14
புது மோட்டார் ஓடுகிறது. பழக்கத்தில் தூக்குகளை அதன்மேல் வைத்தோம். மதியம் எல்லோருக்கும் சில்லிட்ட சோறு. ஃபிட்டர் கிரிகரி வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளே செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றி எண்ணெய் நிற்கிறதாம். எண்ணெய்க்குள் ஒரு குழாயில் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிறதாம். இனிக் கம்பி கருகாது. நல்லதுதான். ஆனாலும்...

செப்டம்பர் 21
மழை. ரெங்கசாமியின் மரத்த கையிலிருந்து குழாய் நழுவிவிட்டது. தீபாவளிக்குள் கை சரியாகாவிட்டால் ஊருக்குக் கப்பலேறச் சொல்லிவிட்டார், எங்களை வேலை வாங்கும் மண்டோர். ஊரில் அவனுக்கு யாரு இருக்கா? எண்ணெய் இருப்பதால் கொட்டகையில் நெருப்பும் மூட்டக் கூடாது.

செப்டம்பர் 22
வாங்கின சூட்டை அந்தத் தண்ணி எங்க கொண்டுபோய்ப் போடுது?

செப்டம்பர் 23
கிரிகரியிடமே கேட்டேன். "பின்னால வாய்க்காலுக்குத்தான் போகுது லா, பெரியவரே. அத யாரு பாக்குறா?" என்றார்.
நான் போய்ப் பார்த்தேன். குழாய் வாயிலிருந்து லேசாக ஆவி பறந்தது. கையை நீட்டினேன். அதே சூடு, நம்ம பழைய ஆளு! பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தை அடியில் வைத்தேன். ரெங்கசாமியைக் கூப்பிட்டேன். மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

நவம்பர் 16
தீபாவளி முடிந்து இன்று வேலை தொடங்கியது. விடியலில் தகரத்துக்குள் ரெங்கசாமியின் கைகள். பக்கத்தில் என் தூக்கு.
"உன் கருவாட்ட அந்தப் பக்கம் தள்ளு. கை நாறுச்சின்னா மண்டோரு கிட்டயே வரமாட்டாரு."
தள்ளி வைத்தேன். கையை உதறிவிட்டுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.