யாரும் சுகம் கேட்காத ஊர்

அன்புள்ள சித்தி,

நேற்று மொன்ட்ரியாலுக்கு, வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். ஜப்பானில் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒசாகாதான் எனக்கேற்ற ஊர் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? நூடில்ஸ் கடையில்கூட மெஷினில் சீட்டு எடுத்துக் கொடுத்தால் போதும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தலை குனிந்தால் அங்கே மரியாதை. இங்கே வகுப்பில் யாரோடும் பேசாமல் தலை குனிந்தே இருந்துதான் நான் பள்ளியைப் பாதியில் விட்டேன்.

வழியில் மாமாவைப் பார்க்க நியூயோர்க்கில் இறங்கியபோது மாட்டிக்கொண்டேன். கடையில் காசு வாங்கும் பெண், "எப்படி இருக்கிறாய்?" என்றாள். உண்மையாகவே கேட்கிறாள் என்று நம்பி, விமானத்தில் காது அடைத்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது.

"ஐயோ பிள்ளை, அது சும்மா கேக்கிறது!" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார்.

அவளோ சிரித்து, "மிச்சத்தையும் சொல்லிவிட்டுப் போ" என்றாள்.

இன்று, உங்களுக்கு வாக்குக் கொடுத்தபடி, வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் சேரப் போனேன். அம்மாவை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பிரெஞ்சில் சுகம் கேட்டாள். பழக்கத்தில் முதலில் குனிந்து வணங்கினேன். பிறகு, "பயமாக இருக்கிறது" என்றேன்.

"எனக்கும்தான். இன்றுதான் வேலைக்கு வந்தேன்" என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா, "இவ்வளவு நேரமா நீயோ கதைச்சனீ?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை வகுப்பு.

இங்கிருந்தே உங்களுக்குக் குனிந்து வணங்கும்,
உங்கள் பெறாமகள்