பக்கத்து இருக்கைக்கு ஒரு பிராசசர்

ஜூன் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

இப்படி எழுதலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை என் மகன் உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மகள் எங்கள் மருமகள். ஆகவே அதுவரை நாம் சம்பந்திகள். அதற்குப் பிறகு நாம் ஒருவருக்கொருவர் என்ன என்பதற்கு யாராவது ஒரு சொல் கண்டுபிடித்துத் தரவேண்டும்.

போனில் கூப்பிடாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு அம்மாள் உத்தரவு. "இனிமே அந்த வீட்டோட ஒரு பேச்சும் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். பேசக் கூடாது என்றுதானே சொன்னாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே! இத்தனை வருடம் குடித்தனம் செய்தவனுக்கு இந்த ஓட்டைகூடவா கண்ணில் படாது? என் மூக்குக்கண்ணாடிக்கடைக்கு வரும் தபாலை அவள் பார்ப்பதில்லை. பதிலைக் கடை முகவரிக்கே போடுங்கள்.

விஷயம் இதுதான். என் விமானம் திக்குகிறது. நடுவானில் பட்டுப்போல் போகிறது. பெரிய ஊர் விமான நிலையத்தை நெருங்கி, கீழே கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு ஒரே தாவு. தாவி முடித்ததும் பார்த்தால் ஓடுபாதை இடது பக்கம் இருக்கிறது, நான் புல்லில் இருக்கிறேன். போன வாரம் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள்ளேயே இறங்கிவிட்டேன். உதவி தேடி அலைய வேண்டாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர், "சார், இருக்கறதுலயே நிறைய கோர் உள்ளதை எடுத்துக்குங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பறக்கலாம்" என்றார். "இப்ப அப்படித்தாங்க பறந்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விற்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். நானும் கடையில் பவர் எழுதித் தரும்போது சிரிப்பதில்லை.

நம் இருவருடைய கம்ப்யூட்டர்களையும் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவர் நீங்கள். எதை வாங்கட்டும், சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பறக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரே விமானத்தை ஓட்டினோமே, இப்போது பக்கத்து இருக்கை காலி, நான் தனியாகத்தான் பறக்கிறேன். "மூக்கைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று ஹெட்போனில் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் புல்லில் இறங்குகிறேனோ என்னவோ, பழியைப் பிராசசர் மேல் போடுகிறேன்.

மருமகள் சௌக்கியமா?

என்றும் அன்புடன்,
கண்ணாடிக்கடைக்காரன்


ஜூன் 17

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். முதலில் கோளாறு பிராசசரிலா, திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டிலா என்று தெரியவேண்டும். நான் தணிக்கை செய்கிறவன். கணக்கு உதைக்கிறது என்பதற்காக எடுத்த எடுப்பில் யார் மேலும் கைநீட்ட மாட்டேன். அதே பெரிய ஊரில், அதே இடத்தில் விமானத்தை நிறுத்துங்கள். திரையின் துல்லியத்தைப் பாதியாகக் குறையுங்கள். உடனே படம் சீராக ஓடினால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு. குறைத்த பிறகும் அதே திக்கல் என்றால் பிராசசர்.

கடைக்காரர் சொல்லும் கோர் கணக்கை நம்பவேண்டாம். கோர் என்பவை பிராசசருக்குள் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள். இந்த விமான விளையாட்டில் பெரும்பாலான வேலை ஒரே கோரின் தலையில்தான் விழுகிறது. மற்றவை கைகட்டி வேடிக்கை பார்க்கும். எல்லா அலுவலகங்களிலும் உள்ள ஏற்பாடுதான். ஆகவே எத்தனை கோர் என்று பார்ப்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். தேவையான காகிதம் மேஜை மேலேயே இருந்தால் குமாஸ்தா அலமாரிக்கு எழுந்து போகவேண்டியதில்லை அல்லவா, அதுபோல.

மகள் நலம். இங்கேதான் இருக்கிறாள். வேலைக்குப் போய்வருகிறாள்.

நாம் கடிதம் எழுதிக்கொள்வது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சங்கடப்படுவார்களோ என்று தோன்றுகிறது. யோசிக்கவும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். சொல்ல முடியாத நிலைமை என்றால் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடுபவன்


ஜூன் 25

அன்புள்ள சம்பந்திக்கு,

'மதிப்பிற்குரிய ஐயா'வைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த தபால் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஒருவேளை வருமான வரி ஆட்களோ என்று கணக்குப் புத்தகத்தை வேறு தேடினேன். என்னை மதித்தது போதும். பழையபடி திட்டுங்கள்.

உங்கள் சோதனையைச் செய்தேன். துல்லியத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஊரே என் கடைக்கு முதன்முதலாக வருகிறவர்கள் பார்க்கும் ஊர் மாதிரி மங்கிப்போனது. ஆனால் திக்கல் அப்படியே இருந்தது. கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது என்று அளவுமானி காட்டியது. பிராசசரில் ஒரு கோர் மட்டும் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கோரைப் பார்த்தால் எங்கள் வீட்டு அம்மாள் ஞாபகம் வருகிறது. கைகட்டி நிற்கும் மற்ற கோர்களைப் பார்த்தால் யார் ஞாபகம் வருகிறது என்று சொல்ல மாட்டேன்.

நடுவில் அவளே அறைக்குள் வந்துவிட்டாள். "ஊருல இருக்கற அப்பனெல்லாம் பையன் வாழ்க்கை இப்படி ஆயிடுச்சேன்னு உக்காந்திருக்கான். நீங்க ஏரோப்ளேனை நிறுத்தி வச்சு அழகு பாக்கறீங்க!" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து மட்டும் என்ன செய்ய? பையன் வாராவாரம் கூப்பிடுகிறான். "யார் மேலயும் தப்பில்லைப்பா, எங்களுக்கு ஒத்துவரலை, அவ்வளவுதான்" என்கிறான். அப்படியே இருக்கட்டும். அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நமக்கு ஒத்துவந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கல்யாண வரவேற்பில் போட்டோ கும்பலிலிருந்து தப்பித்து, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் நான் ஒளிந்தால், அங்கே ஏற்கனவே நீங்கள் உட்கார்ந்து போனில் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "காத்து குறுக்கால அடிக்குது, பாருங்க எப்படி எறக்கறான்" என்றீர்கள். பெண்ணின் அப்பா என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு இந்த வயதில் ஒரு சிநேகிதர் கிடைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் முகத்தைக் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள்.

பிராசசர் பெயரை எழுதி அனுப்புங்கள். போன முறை கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. நீங்கள் பறக்கிறீர்களா இல்லையா?

உங்கள்,
புல்தரை விமானி


ஜூலை 6

அன்புள்ள சம்பந்திக்கு,

இதனுடன் ஒரு பொட்டலம் வரும். கடைக்குப் போகவேண்டாம். உள்ளே இருப்பது உங்களுக்குத் தேவையான பிராசசர்தான். கேஷ் பெரியது. உங்கள் பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் மதர்போர்டு பலகையில் அப்படியே உட்காரும். நம் இருவருக்கும் ஒரே மதர்போர்டைத்தான் போட்டேன் என்பது நினைவிருக்கும். அன்றைக்கே இந்தப் பிராசசரை எடுங்கள் என்று சொன்னேன். நீங்கள் அந்தச் சாய்வு நாற்காலிதான் வேண்டும் என்று அடம்பிடித்தீர்கள்.

ஆம், இது என்னுடையது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் பறக்கவில்லை. கம்ப்யூட்டர் இருந்த அறையை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பெட்டி படுக்கையோடு வந்து நின்ற அன்று முதல் வேலையாக எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் மாமனாரோடு நான் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது எப்படி? எனக்கு மனது வரவில்லை. அட்டைப்பெட்டியில் தூங்குவதைவிட உங்களிடம் வேலை செய்யட்டும்.

மாட்டுவதற்கு முன்பு, பழைய பிராசசர் இருக்கும்போதே, மதர்போர்டின் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதியவரை அதற்கு அடையாளம் தெரியாது. மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்து வையுங்கள். அழுத்தவேண்டாம், தானாக உட்காரும். இது சூடு அதிகம். எனவே புது கூலர் ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே தடவும் பசை ஒரு பட்டாணி அளவு போதும்.

இனி வழக்கு முடியும்வரை எழுதாமல் இருப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். முடிந்த பிறகும் எதற்காக எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நன்றி. வாரம் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுகிறவனுக்கு, ஒரு நாள் அடுத்தவரோடு சேர்ந்து தப்புச் செய்யக் கிடைத்தது.

நன்றியுடன்,
பக்கத்து இருக்கைக்காரன்


ஜூலை 19

அன்புள்ள சம்பந்திக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்தேன். 'இது என்னுடையது' என்ற வரியைப் படித்தபோது ஒரு அம்மா கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். "கடைசி வரி தெரியுதாங்க?" என்று நான் கேட்கவேண்டிய நேரத்தில், "உங்களுக்குக் கண் கலங்கியிருக்குதே, தூசியா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

ஞாயிறு காலை மாட்டினேன். மென்பொருள் புதுப்பித்தேன். முக்கோணம் பார்த்தேன். பசை பட்டாணி அளவு. எல்லாம் நீங்கள் சொன்னபடி. போட்டால், படம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் பெட்டி அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி அணைகிறது. ஐயோ, மனுஷர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார், அதைப் போய்க் கொன்றுவிட்டோமே என்று உங்கள் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். பேசவும் கூடாது, யாரைக் கேட்பது?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாளே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். கூலரைக் கழற்றினேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "என்னங்க இது, பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே வச்சிருக்கீங்க?" என்றாள். கூலரின் அடியில் பொடி எழுத்தில் 'அகற்றவும்' என்று அச்சிட்டு ஒரு மெல்லிய தாள், அதன் மேல் என் பட்டாணிப் பசை. சம்பந்தி, நான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே புதுக் கண்ணாடியின் மேல் ஒட்டிய தாளை உரித்து, துடைத்து, ஆட்களின் மூக்கில் மாட்டுவது. மற்றவர்களுக்குப் பொடி எழுத்து தெரியவைக்கிறேன் என்று போர்டு மாட்டியவன்!

அவள் சிரித்தாள். பையன் விஷயம் வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குப் பல காரணம் இருக்கிறது. அதில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிரித்து முடித்து, "யார் கொடுத்தது?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். கடிதம், கடை முகவரி, அறையைக் காலி செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் டார்ச்சை அணைத்தாள். "அவரு இதைக் கழட்டிக் கொடுத்துட்டு ஞாயித்துக்கிழமைல என்ன பண்றாரு?" என்றாள். தெரியாது என்றேன். அப்புறம் சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்து கதவோரம் நின்று, "அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதான்னு கேட்டு எழுதுங்க. மனசு சரியில்லைன்னா தட்டைத் தள்ளிவச்சிடும்" என்றாள். அவள் உத்தரவு, கேட்டுவிட்டேன்.

தாளை உரித்துப் போட்டதும் பிராசசர் பிழைத்துக்கொண்டது. அதே பெரிய ஊரில் இறங்கினேன். ஒரு திக்கல் இல்லை. கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்து வழிவிட்டன. ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே இறங்கினேன். இறங்கிவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அது காலியாக இருப்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டாம்.

ஆகவே, இதனுடன் ஒரு பொட்டலம் வரும். என் பழைய பிராசசர். உங்கள் மதர்போர்டும் அதேதானே, உட்காரும். பெரிய ஊரில் உங்களுக்குத் திக்கும். திக்கட்டும். கட்டடங்களைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். இறக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன், ரேடியோவை நீங்கள் பாருங்கள். பறப்பதும் பறக்காததும் உங்கள் இஷ்டம். அட்டைப்பெட்டியில் வெறும் குழியோடு ஒரு மதர்போர்டு கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் தயவில் நடுக்கோட்டில் நிற்கும்,
கண்ணாடிக்கடைக்காரன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள சம்பந்திக்கு,

பொட்டலம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மகள் வாங்கிப் பிரித்திருக்கிறாள். பிராசசரின் அடியில் உள்ள ஊசி முட்களில் ஒன்று வளைந்திருந்தது. நீங்கள் கட்டிய லட்சணம். கண்புருவம் திருத்தும் இடுக்கியால் அவளே நிமிர்த்தியிருக்கிறாள். நான் வரும்போது சாப்பாட்டு மேஜையில் பாதி இடத்தை ஒழித்து, என் கம்ப்யூட்டரை வைத்து, கம்பியெல்லாம் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இதெல்லாம்?" என்றேன்.

"முடிஞ்சது என் கல்யாணம்ப்பா. உங்க ஞாயித்துக்கிழமையை யாரு முடிச்சா?" என்றாள். "நீங்க அட்டைப்பெட்டியைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடறீங்க. எனக்குத்தான் குத்துது. சத்தமா சிரிங்க, பரவாயில்ல. இந்த வீட்ல யாராவது சிரிக்கணும்."

அவளுக்காக எடுத்து வைத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கைச் சரிபார்க்க மறந்திருக்கிறேன்.

நேற்று ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத் திக்குகிறது. நன்றி.

உங்கள் துணைவியார் கேட்டதை அவளிடம் சொன்னேன். தள்ளி வைத்திருந்த தட்டை அருகில் இழுத்துக்கொண்டு, "ஒழுங்கா சாப்பிடறேன்னு அத்தைகிட்ட சொல்லச் சொல்லுங்கப்பா" என்றாள்.

அத்தை என்றுதான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

ஞாயிறு காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

உங்கள்,
சம்பந்தி