அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம்தானே? போனில் பேசாமல் கடிதம் போடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போன் செய்தால் தம்பிதான் முந்திக்கொண்டு எடுப்பான். இப்போது நான் அவனோடு பேசக் கூடாது.

பிழைக்கப் போன நாட்டில் மனச்சிதைவு ஏன் அதிகம் வருகிறது என்ற என் ஆய்வு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இங்கே நோய் வந்து ஊர் திரும்பியவர்களையும் சேர்க்கிறோம். தம்பியும் அதில் ஒருவன். சொந்தக்காரன் கேள்வி கேட்டால் பதில் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதால், என்னிடம் உதவியாளராக இருக்கும், நம் மொழி பேசும் பெண் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். ஆய்வு முடியும்வரை நான் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. அவனைச் சாப்பிட வைத்து போன் பக்கத்தில் உட்கார வை. உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

போன் வரும் என்றதும் தம்பி சவரம் செய்துகொண்டான். இஸ்திரி போட்ட சட்டை கேட்டான். போனில் பேச சட்டை எதற்கு என்றால் சிரிக்கிறான். நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துவிட்டான். எடுத்தால் யாரோ ஒரு பெண். பாவம், அவள் மரியாதையாகத்தான் பேசினாள். இவனும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். வைத்ததும் முகம் விழுந்துவிட்டது.

"அண்ணன் பக்கத்துல இருந்தாராக்கா?"

பார்க்கச் சகிக்கவில்லை. "இருந்தார்டா. நீ பேசினதெல்லாம் கேட்டுட்டுதான் இருந்தார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று பிடித்தது. இப்போது யார் கூப்பிட்டாலும் பின்னால் நீங்கள் ஒட்டுக் கேட்கிறீர்களாம். சிலிண்டர் கொண்டுவருபவர் போன் செய்தால் அவரிடம் தன் உடம்பு நிலவரம் முழுவதும் சொல்லி முடிக்கிறான். யாரும் கூப்பிடாதபோதும் ரிசீவரைக் காதில் வைத்து உங்களிடம் ஒப்பிக்கிறான். சோறு இறங்குவதில்லை, தூக்கமும் போயிற்று. தப்பு என்னுடையதுதான். ஆனால் நான் மாற்றிச் சொன்னால் நம்ப மாட்டான். ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பொய் சொல்லியிருக்கக் கூடாது. போகட்டும், உன்மேல் எனக்குக் கோபமில்லை. டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டச் சொல்.

நீ எழுதியதை எங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஒரு மனப்பிரமை உருவாவதை வீட்டிலிருந்து யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று பாராட்டினார்கள். இதைக் கட்டுரையில் சேர்க்கப்போகிறேன். அதனால்தான் இப்போது கூப்பிட முடியாது. நான் பேசினால் அவன் சொன்னதெல்லாம் வீணாகிவிடும். இன்னும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொள்.

சொந்தபந்தம் இல்லாத இடத்தில் தனியாகக் குடியேறியவர்களுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது. எங்கள் முடிவு இதுதான். தம்பி அதற்குச் சரியான உதாரணம்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணனுக்கு,

தம்பி அங்கே கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு, பலர் முறைவைத்துத் தூங்கும் அறையில் கிடந்தபோது, ஒரே ரயிலில் போய்விடும் தூரத்தில் உங்கள் வீடு இருந்தது. ஒரு நாளாவது அவனை அங்கே படுக்க வைத்தீர்களா? "அண்ணிக்குக் கஷ்டம்க்கா, அதான் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிடல" என்று உங்களுக்காக அவன்தான் என்னிடம் பரிந்து பேசினான். சொந்தபந்தம் இல்லாத இடம் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

அவனை உங்கள் ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் சொல்லிவிட்டேன்.

நாலு நாள் முன்பு ரிசீவரை வைத்துக்கொண்டு, "இன்னைக்குக் கொஞ்சம் சாப்பிட்டேண்ணா, கோபப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. வாங்கி வைத்தேன். "அண்ணன் கேக்கலடா. அன்னைக்கும் பக்கத்துல இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

நம்ப மாட்டான் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். குதிப்பான், அழுவான் என்று பயந்துகொண்டு நின்றேன். இல்லை அண்ணா. உடனே நம்பிவிட்டான்.

அதற்குப்பிறகு அவன் போன் பக்கம் போகவில்லை. மணி அடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இனி நீங்கள் கூப்பிட வேண்டாம், இந்த வீட்டில் உங்கள் போனை எடுக்க ஆளில்லை.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா