எட்டாவது வளைவில் ஒட்டிய ஒட்டு

என் அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மலையில் ஒண்டிக்கடை என்ற ஊரில் உன் பஞ்சர் கடை, மஞ்சக்குட்டையில் என் எஸ்டேட் ஆபீஸ். நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடுகிற தூரத்தில் இருந்தவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் வருஷப் பூசைக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டருக்கு எழுதுவது பெரிய காரியமா என்று நீ கேட்பாய். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதிப் பழகிய கைக்கு இது வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. ரோஸி நன்றாக இருக்கிறாள். என் தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை, உன் கடையை அவள் நடத்துகிற அழகை நீ பார்க்க வேண்டும். ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, அவன் ஒட்டுகிற ஒவ்வொரு டியூபையும் தண்ணீரில் முக்கிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறாள். உன்னிடம் சத்தம் போட்ட ஜீப் டிரைவர்கள் எல்லாம் அவளிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் என்னோடு அவள் பேசி மூன்று வாரம் ஆகிறது. காரணம் நியாயமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ மட்டும் படித்தால் போதாது, ஊரும் படிக்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. அதனால் ஊருக்குத் தெரியாததையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு அந்தப் பந்துப் பைத்தியம் பிடித்ததே என் தங்கச்சி விரலால்தான். கல்யாணத்தன்று மாதா கோயிலில் மோதிரம் போடும்போது அது பாதி விரலில் நின்றுவிட்டது. சாமியார் காத்திருந்தார், நீ தள்ளினாய், ரோஸி பல்லைக் கடித்தாள். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடும்போது கல்லு மாதிரி வந்த பந்தைத் தடுத்து வளைந்துபோன விரல் அது. எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் உன் கடையில் டயருக்குப் பாதி இடம், பந்துக்குப் பாதி இடம். நம் மலையில் பந்து இரண்டு விதமாகத்தான் இருக்கும். ஒன்று, காப்பித் தோட்டத்து முள்கம்பியில் விழுந்து பஞ்சராகிக் கிடக்கும். இல்லையென்றால் ஆளைக் காயப்படுத்துகிற அளவுக்கு இறுகிக் கிடக்கும். இரண்டுமில்லாத ஒரு பந்து வேண்டும் என்றாய். பழைய குடைத் துணியை மூன்று மடிப்பாக வைத்து உள் டியூபைப் போர்த்தினாய், அதன் மேல் நைலான் நூலைச் சுற்றி மேல்தோலைத் தைத்தாய். அந்த மழைக்காலம் முழுக்க ரோஸி தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இறுகாமல் இருக்க நீ கண்டுபிடித்ததுதான் பெரிய விஷயம். காற்று அடிக்கிற வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கடுகளவு இன்னொரு வால்வு வைத்தாய். காற்று அளவுக்கு மீறினால் அது தானே திறந்து, மிச்சத்தை வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். குக்கர் மாதிரி என்று ரோஸி சொன்னாள். எந்த அளவில் திறக்க வேண்டும் என்பதற்கு, காற்று அளக்கிற கேஜின் மேல் அவளுடைய நகப்பாலிஷில் ஒரு சிவப்புக் கோடு போட்டாய். பந்தைக் கடைக் கூரையிலிருந்து போட்டாய், காப்பி காயப்போடும் களத்தில் இழுத்துத் தேய்த்தாய், ஜீப்பை ஏற்றினாய். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சேலத்தில் காற்று அடித்த பந்து மலைக்கு வந்தால் ஏன் இறுகுகிறது என்றும் நீதான் எனக்குச் சொன்னாய். "மேல வர வர வெளிக்காத்து மெலிசாயிருதுங்க மச்சா. உள்ள இருக்கற காத்த அமுக்கிப் புடிக்க வெளிய ஆளில்லீங்க. நம்ம ஊர் டீக்கடையில சிப்ஸ் பாக்கெட்டு உப்பிக்கிட்டு நிக்குதுங்களே, அதேதான்." நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், பாதியைக் காதில் வாங்கவில்லை. பந்துக்குப் போய் இத்தனை படிப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செம்மநத்தம் திருவிழாப் போட்டியில் பெண்கள் ஃபைனலுக்கு உன் பந்தைத்தான் போடுவது என்று முடிவானது. செம்மநத்தத்தை எதிர்த்து ஆடிய மஞ்சக்குட்டை டீமுக்கு மேனேஜர் நான். ஃபைனல் அன்று காலை கேடயம் வாங்கச் சேலம் போனேன். உன் பந்தையும் எடுத்துப் போனேன், விளையாட்டுச் சாமான் கடைக்காரரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான். அவர் காற்று அடித்தார். உன் வால்வு மிச்சத்தை விட்டுவிட்டு டக்கென்று மூடிக்கொண்டது. அவர் இன்னொரு தடவை அடித்துப் பார்த்து, இதைச் செய்தவரை நேரில் கூட்டி வரச் சொன்னார். அந்தச் செய்தியை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

பஸ் மலை ஏறியது. ஐந்தாவது வளைவு தாண்டியதும் என் மடியில் இருந்த பந்து 'ஸ்ஸ்' என்றது. கொஞ்சம் நிற்கும், மறுபடி 'ஸ்ஸ்' என்னும். பக்கத்து சீட்டில் இருந்தவர் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு அம்மா, "ஏனுங்க ரைட்டரு, உங்க பந்துக்குச் சளி புடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

என் கோபம் உனக்குத் தெரியும். பந்து ஒழுகுகிறது என்று முடிவு செய்துவிட்டேன். மைதானத்துக்குப் போவதற்குள் சப்பிப்போய்விடும், ரெண்டு ஊர்க்காரர்கள் முன்னால் நம் மானம் போய்விடும் என்று தோன்றியது. கடைக்கு வேண்டும் என்று நீ வாங்கிவரச் சொன்ன ரப்பர் ஒட்டுத் துண்டுகளும் சொல்யூஷன் பசையும் பையில்தான் இருந்தன. எட்டாவது வளைவில் ஒரு லாரிக்கு வழிவிட்டு பஸ் நின்றது. தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, உன் வால்வின் மேல் ஒட்டு போட்டேன். உன் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலை. சுத்தமாக ஒட்டிவிட்டேன்.

பந்து அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. மீதி பன்னிரண்டு வளைவும் அது உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வந்தது. மைதானத்தில் கேடயத்துக்குப் பக்கத்தில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வேறு கிடந்தது. நீ வலைக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய், பந்து பக்கம் வரவில்லை. தட்டிப் பார்த்தவர்கள் நல்ல பந்து என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டத்தின் நடுவில் செல்வியின் முகத்தில் பந்து பட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. செம்மநத்தத்துப் பெண், இருபத்திரண்டு வயது, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தவள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "வால்வு தொறக்கலீங்களா மச்சா?"

எனக்கென்ன தெரியும் என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ என்னை அடித்திருப்பாய். அடித்துவிட்டு, மறுவாரம் கடைக்கு வரச் சொல்லியிருப்பாய். இந்த நாலு வருஷமும் வேறு மாதிரி போயிருக்கும், இல்லையா?

சொல்லவில்லை. அதற்கு மேலும் செய்தேன். யாரோ கோபத்தில் பந்தை ஓடைக்குள் எறிந்துவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு நாள் உண்ணிமுள் புதருக்குள் இறங்கித் தேடினாய். கை முழுக்க முள் கீறலோடு வந்து நின்றாய். பந்து கிடைத்தால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும், அடுத்ததைச் சரியாகச் செய்துவிடலாம் என்றாய். அப்போது அது எஸ்டேட் ஆபீசில் என் மேஜைக்கு அடியில், சாக்குப் பைக்குள் இருந்தது. உனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மலைக் குளிரில் வால்வின் மூடி இறுகித் திறக்காமல் போயிருக்கும், தப்பு என்னுடையதுதான் என்று நீயே ஒரு முடிவுக்கு வந்தாய். செய்து வைத்திருந்த மற்ற மூன்று பந்துகளையும் அறுத்துப் போட்டாய். சூசை பந்து என்றால் ஊரில் ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. யாருக்காவது பஞ்சர் ஒட்டினது நிற்கவில்லை என்றால் உன் பந்தைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை நானும் சேர்ந்து சிரித்தேன் மாப்பிள்ளை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள் டயர் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். சொல்ல வேண்டும் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த நாள் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

போன மாதம் சாக்கைத் திறந்தேன். பந்து அப்படியே இருந்தது, ஒரு தையல் பிரியவில்லை. ஒட்டைப் பிய்த்தேன். அதை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய், அதே கடையில் காற்று அடித்து, மறுபடி பஸ் ஏறினேன். ஐந்தாவது வளைவில் ஆரம்பித்தது. பஸ் சிரித்தது. சிரிக்கட்டும் என்று மேலே வரும்வரை மடியில் வைத்திருந்தேன். நேராக உன் கடைக்கு வந்து, கேஜை எடுத்து அளந்து பார் என்று ரோஸியிடம் கொடுத்தேன். முள் சிவப்புக் கோட்டின் மேல் வந்து நின்றது, மயிரிழை கூட அந்தப் பக்கம் போகவில்லை.

அது ஒழுகவில்லை மாப்பிள்ளை. அன்றைக்கும் ஒழுகவில்லை. நீ சொல்லிவைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ரோஸி முதலில் சந்தோஷப்பட்டாள். பந்து எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். கேஜைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தாள். "எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொல்றீங்க? அவரப் பேசுனது ஊருங்க. ஊருகிட்டச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து செம்மநத்தம் போனேன். செல்வி இப்போது காப்பி நர்சரியில் வேலை செய்கிறாள். இடது கண்ணில் பாதிப் பார்வைதான். போலீஸ் வேலை அதோடு போயிற்று. சாயங்காலங்களில் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறாள். வால்வை அடைக்காமல் இருந்திருந்தாலும் அந்த அடியில் கண் போயிருக்குமோ, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அதையும் அவளிடம் சொன்னேன், எனக்குச் சாதகமாகச் சொல்கிறேனோ என்று கூசிக்கொண்டே.

அவள் நாற்றுப் பையில் மண் நிரப்பிக்கொண்டே கேட்டாள். முடித்துவிட்டுக் கையைத் தட்டினாள். "எங்கண்ணு போனத உடுங்க. நொம்ப நாளாச்சு, நான் பழகிக்கிட்டேன். சூசையண்ணன் மூணு வருஷம், ஞாயித்துக்கெழம தவறாம எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. ஒரு பேச்சுப் பேசமாட்டாரு. எம்முன்னால தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. அந்தத் தலைய இனி யாருங்க நிமுத்தறது?"

எனக்கு அது தெரியாது. ஞாயிறு மதியம் உன்னைத் தேடினால் கடை பூட்டியிருக்கும். என்னைத் தவிர்க்கிறாய் என்று உன் மேல் வருத்தப்பட்டிருக்கிறேன். உட்கார வேண்டியவன் நானிருக்க, நீ போய் உட்கார்ந்திருக்கிறாய்.

இனி நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வருகிற ஞாயிறு செம்மநத்தம் மைதானத்தில் செல்வியின் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ரெண்டு ஊர்க்காரர்கள் முன்னாலும் நின்று இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். உன் அளவுகளை வைத்து ரோஸி பந்து செய்யச் சம்மதித்தால் துணி வெட்டிக் கொடுப்பேன், நூல் சுற்றுவேன். வால்வில் மட்டும் கை வைக்க மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் செல்வி வீட்டுக்குப் போவேன். அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். உள்ளே விட்டால் நீ உட்கார்ந்த இடத்தில் உட்காருவேன். விடாவிட்டால் வாசலில் நிற்பேன். நீ இனி அங்கே போக வேண்டாம் மாப்பிள்ளை, எழுந்து வந்துவிடு.

ரோஸிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
அந்தோணி