முழங்காலுக்குக் கீழே விழுந்த வெளிச்சம்

தம்பி,

இன்று காலை எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, கொட்டகைக்குப் போய் உன் காரின் முன்விளக்குகள் இரண்டையும் துடைத்தேன். துடைத்த துணியில் கிரீஸ் வாடை ஏறிக்கொண்டது. வண்டியின் முன்பக்கம் நீ விட்டுப்போன மாதிரியே தாழ்ந்து நிற்கிறது.

நாளைக்கு அதை வாங்க போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வருகிறார். விற்றுவிடலாம் என்பது உன் மனைவியின் முடிவு. நான் தடுக்கவில்லை. சண்டையால் பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வந்த பிறகு வண்டியை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்?

"அவுக டிரைவர் ஓட்டிப் பாத்துட்டுச் சொன்னாராம் மதினி. வெளிச்சம் தரையிலயே விழுதாம். கழட்டிப் போட்ட பட்டைய மறுபடி மாட்டிக் குடுத்தா எடுத்துக்கிறாகளாம்" என்று நேற்று சொன்னாள்.

அந்த ஸ்பிரிங் பட்டைகள் சாக்கில் சுற்றியபடி சுவரோரம் கிடக்கின்றன. மலைத் தோட்டத்துத் துரை கழித்துவிட்ட வண்டி அது. மலைப்பாதைக் கல் அடியில் தட்டக் கூடாதென்று முன்பக்கம் கூடுதலாகப் பட்டை வைத்து உயர்த்தியிருந்தார். கம்பம் கடைவீதியில் நீ முதன்முதலாக அதை ஓட்டிவந்தபோது காப்பிக்கடை வாசலிலிருந்து ஒருவர் கேட்டார், "ஏலே, உன் வண்டி என்ன, தண்ணி குடிச்ச கோழி மாதிரி அண்ணாந்து பாக்குது?" தெருவே சிரித்தது. உன்னால் அதைத் தாங்க முடியவில்லை.

மதுரைப் பட்டறையில் கேட்ட கூலி நமக்குக் கட்டாது. நீயே இறங்கிவிட்டாய். ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் புளியங்கட்டைகளைக் கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, அடுக்கிலிருந்து கூடுதல் பட்டைகளை உருவி எடுத்துவிட்டு மற்றதை மறுபடி இறுக்கினாய். "ஒரு டப்பா கிரீஸுதான்க்கா செலவு" என்று நீ பெருமையாகச் சொன்ன நேரத்தில் ஒரு பட்டை கைநழுவி உன் வலது கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப்போயிற்று.

முன்பக்கம் இறங்கியது. அதோடு விளக்குகளும் குனிந்துகொண்டன. நிமிர்த்தலாமென்றால் விளக்கைத் தாங்கிய போல்ட் துருவேறி அசையவில்லை. "திருகுனா முறிஞ்சிரும். கெடக்கட்டும்" என்றாய். அதன்பிறகு பொழுது சாய்ந்து நாம் போன சாலைகளில் மனிதர்கள் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தார்கள். நீ அதையும் விளையாட்டாக்கினாய். "சேத்துக்காலு, நடவு முடிச்சு வர்றாக. பித்தவெடிப்பு, வெத்தலக் கொடிக்கால்காரரு. அந்தா, மிஞ்சியப் பாருக்கா, உன் பள்ளிக்கூடத்து டீச்சரு!" வண்டி அருகில் போனதும் ஆள் முழுதாகத் தெரியும். பெரும்பாலும் நீ சொன்னது சரியாகவே இருக்கும்.

அணைத் தண்ணீர் திறந்துவிட்டதைப் பார்க்க லோயர் கேம்ப் போய்த் திரும்பிய மாலை உனக்கு நினைவிருக்குமா? சாரல் விழுந்துகொண்டிருந்தது. புளியமர வளைவில் வெளிச்சத்துக்குள் மூன்று சோடிக் கால்கள் வந்தன. இரண்டு நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை. சாலையோரம், நம்மைப் பார்த்து, ஒட்டிச் சேர்ந்து நின்றது. நாம் இரண்டு பேரைத்தான் தாண்டினோம்.

நீ வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாய். "அண்ணே, உங்ககூட வந்தவக எங்க?"

"யாரு? நாங்க ரெண்டு பேருதான வர்றோம்." அவர்களில் ஒருவர் சிரித்தார். "என்ன தம்பி, பெட்ரோல் வாடை மண்டைக்கு ஏறிருச்சா?"

நீ வண்டியைக் கிளப்பினாய். ஊர் வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகுதான் சொன்னாய். "அந்தக் காலுல நகம் கறுத்திருந்துச்சுக்கா. வலது கட்டைவிரலு."

நான் நகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து ஒரு துணி கட்டியிருந்தது, நீலக்கரை போட்ட வெள்ளைத் துணி. உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னைக் கிடத்தியதும் கால்விரல் கட்டத் துணி கேட்டார்கள். கரையே இல்லாத துணியாகத் தேடி எடுக்க நான் உள்ளே ஓடினேன். பெட்டியைக் கலைத்து ஒன்றை எடுத்து வருவதற்குள், கொடியில் கிடந்த என் பழைய வெள்ளைச் சேலையை யாரோ கிழித்துக் கட்டி முடித்திருந்தார்கள். அந்தச் சேலைக்கு நீலக்கரை.

போகிற உயிர் நடக்க வேண்டுமென்றால், சிதையில் வைக்கும் முன் அந்தத் துணியை அவிழ்த்துவிட வேண்டும் என்பார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. அன்று மழை வேறு. திரும்பி வந்த சித்தப்பாவிடம், "காலுக்கட்ட அவுத்தீகளா?" என்று கேட்டேன்.

"அடிச்ச மழையில எவன் பாத்தான் ஆத்தா? அவுத்திருப்பாக."

வேறு சிலரிடமும் கேட்டேன். எல்லாரும் இன்னொருவர் அவிழ்த்திருப்பார் என்றார்கள். தன் கையால் அவிழ்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பட்டணத்துக் கல்லூரியில் படித்தவள் நான். ஆவி, பேய் என்று பயந்து நடுங்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அதட்டுகிறவள். சாரலும் கண்ணும் சேர்ந்து செய்த மயக்கம் என்று எனக்கே பலமுறை பாடம் நடத்திவிட்டேன். ஆனாலும் மழை பெய்யும் நாட்களில், நடக்க முடியாமல் நீ அந்த வளைவில் நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. நாளைக்குப் பட்டையை மாட்டிவிட்டால் இந்த விளக்குகள் நிமிர்ந்துவிடும். பிறகு எந்த வெளிச்சம் அங்கே உன் கால் உயரத்துக்குக் குனியும்?

காமயகவுண்டன்பட்டிச் சாலையில் நீ எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தந்தது கைக்கு மறந்துபோகவில்லை. டாங்கில் லோயர் கேம்ப் போய்வரும் அளவுக்குப் பெட்ரோல் இருக்கிறது. மேற்கே சாரல் இறங்கத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட வேலையாகப் போகிறேன், வர நேரமாகும் என்று உன் மனைவியிடம் சொல்லிக்கொள்வேன்.

முன்சீட்டில், எனக்குக் கற்றுத்தரும்போது நீ உட்கார்ந்த பக்கத்தில், கத்தரிக்கோலை வைத்திருக்கிறேன். இன்று பொழுது சாயும் நேரத்தில் அந்த வளைவில் வண்டியை நிறுத்துவேன். நகம் கறுத்த கால் வெளிச்சத்தில் வந்தால், இறங்கிப் போய்க் குனிந்து, கட்டியிருக்கும் துணியை வெட்டிவிடுவேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டேன்.