நாடக டிக்கெட்டுக்குப் பேரம் பேசியது

ஜூன் 17, செவ்வாய்

விலையைக் குறைக்காவிட்டால் என் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று மும்பை நாடக அரங்கிற்குப் போன் போட்டுச் சொன்னேன். நேற்று. சும்மா சொன்னது. நம்பிவிட்டார்கள்.

வெயில். காற்றே இல்லை. மாடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல்.

எஸ்தர் அங்கே ஒரு பாட்டு நாடகத்தில் ஆடுகிறாள். இதுவரை கும்பலில் ஒருத்தி. இந்தத் தடவைதான் தனியாக நின்று பாட நாலு வரி. பயணமே அதற்குத்தான். நான், மனைவி புஷ்பம், மச்சான்மார் குடும்பம். ஆக மொத்தம் பத்துப் பேர். பத்து டிக்கெட் ஒரே கையாக எடுப்பவனுக்குக் குறைந்த ரேட் கிடையாதா? கேட்டேன். என் கடைக்கு மீன்வலை அனுப்பும் மில்காரர்களிடம் பேசும் அதே பஜார் இந்தி. கிடையாது என்றார் ஒரு அம்மா. உங்கள் மேடையில் நிற்பதே என் பெண்தான் என்றேன். அப்போதும் கிடையாது. பிறகுதான் அந்த வார்த்தை. போனை வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

இன்று மதியம் கூப்பிட்டது எஸ்தர். கோபம் வந்தால் அவளுக்குத் திருவொற்றியூர்ப் பேச்சு வந்துவிடும்.

"இன்னாப்பா சொல்லி வெச்ச அவங்ககிட்ட? வூட்ல ஒத்துக்கல, அப்பா வந்து இட்டுகினு பூடுவாருன்னு நெனச்சிகினு கீறாங்க. என் பாட்டுக்கு வேற பொண்ண நிக்க வெச்சிட்டாங்க."

"ரேட்டுக்காகச் சொன்னதும்மா."

"ரேட்டா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

புஷ்பத்திடம் சொல்லவில்லை. அவளுக்குப் பயணத்துக்கு முறுக்கு சுடுவதா அதிரசமா என்ற கவலை.

ஜூன் 18, புதன்

கடையில் கூட்டம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலில். கயிறு, மிதவை, வலை எது இருந்தாலும் போகிறது.

காசிமேட்டுப் படகுக்காரர் ஏழுமலை வந்தார். விலை சொன்னேன். கயிற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, "வேணாம், வேற கட பாத்துக்கறேன்" என்று இறங்கித் தெருவுக்குப் போனார். வழக்கம்போல "ஏழுமலை அண்ணே" என்று கூப்பிட்டேன். வழக்கம்போல திரும்பி வந்தார். இருபது வருடமாக இதே ஆட்டம்.

"இன்னா நைனா, மூஞ்சி செத்துக் கெடக்குது? பொண்ணு டிராமாவுக்குப் போலயா?"

"டிக்கெட் கெடைக்கல."

"உனக்கா? கடலையே பேரம் பேசி வாங்குவியே நீ."

சிரித்தேன்.

பார்க்க: ரயில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பான். தாதர் லாட்ஜ். ஷுகர் மாத்திரை.

எஸ்தருக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

புஷ்பத்திடம் சொன்னேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பெத்த புள்ளைய வச்சா பேரம் பேசுனீங்க? அதுக்கு நாலு வருசம் ஆச்சு அந்த எடத்துல நிக்க. ஒங்களுக்கு ஒரு போன்ல போச்சு."

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, குடோனில் வலை மூட்டைகளுக்கு நடுவே நின்று நாடக அரங்கு அம்மாவுக்குப் போன். எங்கள் வியாபாரத்தில் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்வோம், நிஜமில்லை, அப்படித்தான் பேசுவது என்று விளக்கினேன். அந்த அம்மா கேட்டார்: "எஸ்தர் சரக்கா?"

மன்னிப்புக் கேட்க இந்தி வரவில்லை. மில்காரர்களிடம் இதுவரை தேவைப்பட்டதில்லை. தமிழிலேயே கேட்டேன். புரிந்ததோ என்னவோ. எஸ்தரிடமே பேசி முடிவு செய்வதாகச் சொன்னார். அவள் வயது வந்தவள், உங்களிடம் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது எனக்கு.

மச்சான்மாரிடம் பயணம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. காரணம் கேட்டார்கள். சொன்னேன். பெரியவர் தரையைப் பார்த்தார். சின்னவர் சிரித்துவிட்டார். சிரித்தவரே தேவலை.

ஜூன் 22, ஞாயிறு

தூறல். புஷ்பம் மட்டும் சர்ச்சுக்கு.

பதினொரு மணிக்கு எஸ்தர். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயம்.

"பாட்டு திரும்பக் கெடச்சிருச்சு. அவங்க முன்னாடி நின்னு, எங்கப்பா இப்படித்தான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு."

"வரட்டுமாம்மா?"

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு இடத்தில் பேரம் பேச என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். எல்லாவற்றிற்கும் சரி என்றேன்.

முடிவானது: டிக்கெட் இரண்டு மட்டும். போட்டிருக்கும் விலைக்கே, நெட்டில். அரங்கில் யாரிடமும் பேசக்கூடாது, யாருடைய அப்பா என்று சொல்லக்கூடாது. நாடகம் முடிந்ததும் புஷ்பம் உள்ளே போய் அவளைப் பார்க்கலாம். நான் வெளியே கேட்டில் நிற்க வேண்டும்.